வேளச்சேரியில் 845 சதுர அடி: வாங்குவதற்கு முன் என்ன பார்ப்பது?

கேள்வி இது. வேளச்சேரியின் உட்புறத் தெரு ஒன்றில் 14 வருடக் கட்டடம். ஸ்டில்ட், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தரைத்தளம் போக மூன்று மாடி, மொத்தம் 12 வீடு. மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, 845 சதுர அடி, 62 லட்சம் கேட்கிறார்கள். உங்களுக்குத் தரமணியில் வேலை, மனைவிக்குக் கிண்டியில். கூடவே முட்டிவலி உள்ள அம்மா, யுகேஜி போகும் மகள். இப்போது மடிப்பாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகை. வாங்கலாமா, விலை சரியா, வெள்ளம் வருமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டுத் தருவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. பெரிய வீட்டில் ஒரு அறை இருட்டாக இருந்தால் சாமான் அறையாக்கிவிட்டுப் போய்விடலாம். ஒரு பாத்ரூம் ஒழுகினால் இன்னொன்று இருக்கிறது. 845-ல் அப்படி விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. எல்லா மூலையும் தினமும் புழங்கும் மூலை. அதனால் சின்ன வீட்டைத்தான் பெரிய வீட்டைவிடக் கறாராகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்த 845-ஐக் கழற்றிப் பார்ப்போம். அது சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்வது. 2016-ல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவைக் கணக்காக வைக்கச் சொன்னது. அதாவது வெளிச்சுவரும் பால்கனியும் போக, உள்ளே இருக்கும் தரை. ஆனால் மறுவிற்பனையில் தரகர்கள் வாயில் இன்னும் பழைய கணக்குத்தான். இந்த மாதிரிக் கட்டடங்களில் நான் அளந்தவரை 845 என்றால் உள்ளே 600 பக்கம் நிற்கும். டேப் எடுத்துப் போய் நீங்களே அளந்துவிடுங்கள். கட்டடத்தின் வயதைச் சொல்லக் கூச்சப்படாதவர்கள்கூட இந்த எண்ணைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

காலி வீடு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். அதற்கு ஒரு மலிவான வழி சொல்கிறேன். பழைய செய்தித்தாள்களை ஒட்டி ஐந்தடிக்கு ஆறரை அடியாக ஒரு தாள் செய்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் கட்டில். படுக்கையறை பத்துக்கு ஒன்பது என்றால் தாளைத் தரையில் விரித்து, பக்கத்தில் பீரோவுக்கு இரண்டடி விடுங்கள். ஒன்பதில் ஐந்தும் இரண்டும் போனால் மீதி இரண்டடி. பீரோ கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை, கட்டில்மேல் உட்கார்ந்துதான் புடவை எடுக்க வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் சரி. இதே போல ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், துணிக்கொடி, சாமி மாடம், சைக்கிள், அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றுக்கும் இடம் குறித்துவிட்டு அப்புறம் ஹாலைப் பாருங்கள். லாஃப்ட் எத்தனை அடி ஓடுகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். சின்ன வீட்டில் கொலு பொம்மைப் பெட்டி முதல் பழைய அண்டா வரை ஏறி உட்காருவது அங்கேதான்.

ஜன்னலைத் திறந்து பக்கத்து மனையைப் பாருங்கள். நான் வாங்கிய முதல் வீட்டில் செய்த தப்பு இது. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மாமரம், ஓட்டு வீடு, கிணறு. அந்தக் காற்றுக்காகவே வாங்கினேன் என்று சொல்லலாம். நாலாவது வருடம் மாமரம் போய், வீடு போய், ஜன்னலுக்குப் பத்தடி தூரத்தில் யாரோ ஒருவருடைய பாத்ரூம் வென்டிலேட்டர் வந்து நின்றது. தரைத்தளத்தோடு நிற்கும் தனி வீடு பக்கத்தில் இருந்தால், அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது என்று மனதில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள். 2019-ல் வந்த கட்டட விதிகள் சாதாரண அடுக்குமாடிகளுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்திவிட்டன. பழைய வீட்டுக்காரருக்கு இடித்துக் கட்ட இதைவிடப் பெரிய ஆசை வேறு வேண்டாம்.

ஸ்டில்ட் போக மூன்று மாடி என்கிறீர்கள், ஆக உங்கள் தலைக்கு மேலே மொட்டைமாடி. காலை பத்து மணிக்குக் காட்டுவார்கள். நீங்கள் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சூடு எவ்வளவு என்று கை சொல்லிவிடும். பிறகு மேலே ஏறி, மொட்டைமாடியில் பதித்த தட்டு ஓடு பெயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் ஒரே ஒரு கூரைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே ஏதோ மறைகிறது. இன்னொரு வேலை, இரண்டாம் மாடியில் நேர் கீழே இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் பாத்ரூம் கூரையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பாத்ரூமின் ஒழுக்கு அங்கேதான் எழுதியிருக்கும். அந்தச் சண்டையும் வீட்டோடு சேர்ந்துதான் விலைக்கு வரும்.

இனி வெள்ளம். உங்கள் கேள்வியின் நடு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வேளச்சேரி ஏரி நிறைந்தால் அது தேடிப் போகும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரிநீரும் அங்கேதான் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும். சதுப்பில் பெரும்பங்கு கட்டடமும் குப்பைமேடும் ஆகிவிட்டது. மிச்சமிருப்பது 2022-ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி கொடுக்க வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் சொன்னது. தண்ணீர் போக வழி குறுகிப்போன ஊர் இது. 2015 டிசம்பரில் படகு ஓடியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் ஓடியது. இப்போது கனமழை அறிவிப்பு வந்தாலே ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வருகிறார்கள். எந்த ஆய்வறிக்கையையும்விட எனக்கு அந்தக் கார் வரிசையில் நம்பிக்கை அதிகம்.

ஆனால் வேளச்சேரி முழுவதும் ஒரே மட்டம் இல்லை. ஒரு தெருவில் இடுப்பளவு நின்ற நாளில் இரண்டு தெரு தள்ளிக் கணுக்கால் நனையாத இடமும் உண்டு. எனவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு எடுக்காதீர்கள், தெருவை வைத்து எடுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு சட்டை கொடுத்துவிட்டு, "மிக்ஜாம் அப்போ வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். தண்ணீர் வருமா என்று கேட்டால், விற்கிறவர் தெரிந்தவராயிற்றே என்று மழுப்புவார்கள். வண்டி எங்கே போயிற்று என்று கேட்டால் கதையே வந்துவிடும்.

கட்டடமும் பேசும். ஸ்டில்ட்டில் மின்மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். போன வருடம் இதே பக்கத்தில் ஒரு கட்டடத்துக்குப் போயிருந்தேன். மீட்டர்கள் எல்லாம் தலைக்கு மேலே, ஏணி வைத்துத்தான் படிக்க முடியும். அதற்கு மூன்றடி கீழே சுவரில் பழைய திருகாணி ஓட்டைகள், வரிசையாக, சுண்ணாம்பு அடைத்து. "இங்கே தண்ணியே வந்ததில்லை சார்" என்றார் உடன் வந்தவர். நான் ஓட்டைகளைக் காட்டினேன். "அது 2015-லே ஒரு தடவை" என்றார். அருகிலேயே மோட்டாரும் இரண்டடி மேடை கட்டி ஏற்றப்பட்டிருந்தது. அந்தச் சங்கத்தார் செய்தது புத்திசாலித்தனம், அதற்காக ஒரு மார்க் கூடக் கொடுத்தேன். மறைத்தவருக்குத்தான் குறைத்தேன்.

அடுத்து கேட்டுக்கு வெளியே நின்று சாலையையும் ஸ்டில்ட் தரையையும் ஒப்பிடுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டே பல தெருக்கள் உயர்ந்துவிட்டன. கட்டியபோது சாலையைவிட உயரத்தில் இருந்த ஸ்டில்ட் 14 வருடத்தில் பள்ளமாகியிருக்கலாம். அப்படி இருந்தால் பெரிய வெள்ளமே வேண்டாம், ஒரு ராத்திரி மழை போதும்.

"மூன்றாம் மாடிக்குத் தண்ணி ஏறுமா சார்?" என்று தரகர் சிரிப்பார். ஏறாது. ஆனால் மின்சாரம் துண்டிக்கப்படும், மோட்டார் மூழ்கும், கீழ்த்தொட்டியில் சாக்கடை கலக்கும், லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கும். மூன்று நாள் குடிக்க நீரில்லாமல், பால் இல்லாமல், முட்டிவலிக்கார அம்மாவோடு மேலே உட்கார்ந்திருப்பதும் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வதுதான்.

மழையில் மிதக்கும் இதே ஊர் மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது எந்தச் சங்கம் எப்படிச் சமாளித்தது என்பது நல்ல பரீட்சை. சங்கக் கணக்கு நோட்டில் அந்த வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை லாரிக்கு எவ்வளவு போயிற்று என்று கேளுங்கள். நோட்டே இல்லை என்றால் அதுவும் பதில்தான். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர்வெல் நீர் எப்படி என்றும் விசாரியுங்கள். பாத்ரூம் தரையில் பழுப்பு மஞ்சள் கறை படிந்திருந்தால் போர்வெல் நீரில் இரும்பு அதிகம், வாஷிங் மெஷினில் போடும் வெள்ளைத் துணியை மறந்துவிட வேண்டியதுதான். கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்க்கா என்பதை வாட்ச்மேனே சொல்லிவிடுவார்.

இனி விலை. சதுர அடிக்கு 7,300 சொச்சம் வருகிறது, பக்கத்துத் தெருவில் 8,000-க்குப் போயிற்று, எனவே மலிவு என்று தரகர் சொல்லியிருப்பார். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அடுக்குமாடியில் நீங்கள் வாங்குவது இரண்டு சரக்கு. ஒன்று நிலம், இன்னொன்று தேய்ந்துகொண்டே போகும் கட்டடம். நிலத்தில் உங்கள் பங்குதான் பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று வருவது. எல்லோரும் யூடிஎஸ் என்பார்கள். உங்கள் பத்திர நகலில் 400 சதுர அடி என்றும், மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி என்றும் எழுதியிருக்கிறீர்கள். 12 வீட்டுக்கும் ஏறத்தாழ இதே அளவு என்றால் கணக்கு நேர். மற்ற வீடுகளின் பங்கையும் விசாரித்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் 4,000-தான் வருகிறது என்றால் மீதி 800 யாரோ ஒருவர் பெயரில் தூங்குகிறது. இடித்துக் கட்டும் நாளில் அவர் எழுந்து வருவார்.

அந்தத் தெருவில் காலி மனை என்ன விலை என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். பேச்சுக்குச் சதுர அடி 9,000 என்று வைத்துக்கொள்வோம். 400 சதுர அடிக்கு 36 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,800 என்றால் 845-க்கு 23.66 லட்சம். அறுபது வருட ஆயுளில் 14 போய்விட்டது, கிட்டத்தட்ட 23 சதவீதம் தேய்மானம். மீதி 18 லட்சம் சொச்சம். ஆக மொத்தம் 54. கேட்பது 62. அந்த எட்டு லட்சம் எதற்கு என்று நீங்களே சொல்லிக்கொள்ள முடிய வேண்டும். இரண்டு நிறுத்தத்தில் வேலை, நடந்து போகும் தூரத்தில் பள்ளி என்றால் அதற்குக் கொஞ்சம் கொடுக்கலாம். உள்ளே மாட்டிய மாடுலர் கிச்சனுக்கும் பொய்க்கூரைக்கும் கொடுக்காதீர்கள். என் கணக்கில் 55, மிஞ்சினால் 56. ஆனால் மனை விலையை நான் அனுமானமாக வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் அது கூடினால் குறைந்தால் கணக்கும் மாறும்.

நிலப்பங்கு ஏன் இவ்வளவு முக்கியம்? 2022-ஆம் வருட அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். இன்னும் இருபது, இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பேச்சு உங்கள் கட்டடத்துக்கும் வரும். அன்றைக்கு மாடுலர் கிச்சனை யாரும் கேட்க மாட்டார்கள்.

கையில் எவ்வளவு வேண்டும் என்பதையும் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 வரையிலான கடனில் வங்கி 80 சதவீதத்துக்கு மேல் தராது, பத்திரச் செலவை அந்தக் கணக்கில் சேர்க்காது. மறுவிற்பனைக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். புது வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து கிடைக்கும் சலுகை உங்களுக்கு இல்லை. 62 என்றால் கையிலிருந்து 12.4 லட்சமும் பத்திரத்துக்கு 5.58 லட்சமுமாக 18 லட்சம். கடன் 49.6 லட்சம், எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு ஈஎம்ஐ 43,000. அதோடு பராமரிப்புக் கட்டணம், சொத்துவரி. இன்று 18,000-ல் முடிகிற விஷயம் இது. இதே வீட்டை நாளை நீங்கள் வாடகைக்கு விட்டாலும் அதே 18,000 என்று வைத்தால், போட்ட பணத்துக்கு வருடம் மூன்றரை சதவீதம்தான். முதலீடு என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாங்காதீர்கள். குடியிருக்க என்றால் வாங்கலாம். 50 லட்சத்துக்கு மேல் போனால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்து நீங்கள்தான் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் பிடித்தம் வேறு, அதற்கு ஒரு ஆடிட்டரைப் பிடித்துவிடுங்கள்.

ஆவணங்களை வக்கீல் பார்ப்பார், பார்க்கட்டும். முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், சிஎம்டிஏ என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அனுமதித்த வரைபடம் ஆகிய மூன்றையும் நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். வரைபடத்தில் எத்தனை வீடு, நேரில் எத்தனை வீடு என்று எண்ணுவதற்குச் சட்டம் படிக்க வேண்டாம். விற்பவருக்குப் பழைய கடன் இருந்து அடைத்திருந்தால், வில்லங்கத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேளச்சேரிப் பக்கம் என்பதால் ஒன்று கூடுதலாக: அந்தப் புல எண் பழைய வருவாய்ப் பதிவேட்டில் ஏரி, தாங்கல், புறம்போக்கு என்று எங்காவது வருகிறதா என்று வக்கீலிடம் குறிப்பாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் அவ்வளவு பின்னால் போக மாட்டார்கள். கார் நிறுத்தும் இடம் உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது "அட்ஜஸ்ட் பண்ணிப்போம்" கதையா என்பதும் பத்திரத்திலேயே தெரியும்.

அக்கம்பக்கத்தில் உங்களுக்குச் சாதகம் இருக்கிறது. 2007-இலிருந்து பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வருகிறது, தரமணி இரண்டாவது நிறுத்தம். மனைவிக்குத்தான் கஷ்டம். கிண்டிக்குப் பெரும்பாலும் சாலையை நம்ப வேண்டும். வேளச்சேரி, பரங்கிமலை ரயில் இணைப்பைச் சொல்லியே விலை ஏற்றுவார்கள். வெறும் ஐந்து கிலோமீட்டர், 2008-ல் தொடங்கி நில வழக்குகளால் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்த பாதை அது. ஓடுகிற ரயிலுக்கு மட்டும் காசு கொடுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மனைவி அந்த வாசலிலிருந்து அலுவலகம்வரை வண்டியில் போய்ப் பார்க்கட்டும். நீங்கள் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நடந்து பாருங்கள். கல்யாண மண்டபத்துச் செண்டை மேளம், டாஸ்மாக் கூட்டம், நாய்கள், எரியாத தெருவிளக்கு எல்லாம் அந்நேரத்தில்தான் தெரியும்.

கடைசியாக லிஃப்ட். அம்மா கூட இருப்பதால் என்னைப் பொறுத்தவரை அது முதல் கேள்வியாகவே இருந்திருக்க வேண்டும். 12 வீட்டுக்கு ஒரே லிஃப்ட்தான் இருக்கும், அதுவும் 14 வயதானது. பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளதா, கடைசியாக எப்போது பெரிய ரிப்பேர் வந்தது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் சேர்த்தா, பொது விளக்குக்கு மட்டுமா என்று சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். லிஃப்ட்டை மாற்றும் பேச்சு சங்கத்தில் ஓடுகிறதா என்றும் கேட்டுவிடுங்கள், ஓடினால் உங்கள் பங்கை விலையில் கழிக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அம்மாவை ஒருமுறை கூட்டிப் போங்கள். போகும்போது லிஃப்ட்டில் ஏற்றி, இறங்கும்போது படியில் இறக்கிப் பாருங்கள். மூன்று மாடிக்கும் கைப்பிடி இருக்கிறதா, நடுவில் எத்தனை தடவை நின்றார் என்பதைக் குறித்துக்கொண்டு அப்புறம் விலை பேசப் போங்கள்.